மேல்மட்டத்து வேட்டைக்காரன்: சிங்கப்பூர் ஓடைகளில் குட்டி முரல் மீனைப் பார்க்கப் பழகுவது எப்படி?

மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தின் பலகைப் பாதையில் நடப்பவர்கள் தண்ணீரை எட்டிப் பார்க்கும்போது ஆழத்தில்தான் தேடுவார்கள். தோமான், பீக்காக் பாஸ், ஆமை என்று பெரிதாக ஏதாவது கண்ணில் படாதா என்ற ஆசை. அப்படித் தேடும் கண், தண்ணீரும் காற்றும் தொடும் மேல்மட்டத்தைக் கண்டுகொள்வதே இல்லை. அங்கேதான் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு மீன் நாள் முழுவதும் வேட்டையாடிக்கொண்டிருக்கிறது. அதன் பிழைப்பு, சண்டை, குடும்பம் எல்லாமே நீரின் மேற்பரப்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்குள் நடக்கிறது. வலை, தூண்டில், தொட்டி எதுவும் இல்லாமல் கரையில் இருந்தபடியே முழுதாகப் பார்க்கலாம். இயற்கையைக் கவனிக்கப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல மீன் இந்தத் தீவில் இல்லை என்பது என் கருத்து.

ஊரில் கடல் முரல் வாங்கிச் சமைத்தவர்களுக்கு இதன் உருவம் புதிதல்ல. மெலிந்த உடம்பு, அலகுபோல் நீண்ட வாய். ஆனால் இங்கே நீள்வது கீழ்த்தாடை மட்டும். மேல்தாடை ஒரு சின்ன முக்கோணமாக நின்றுவிடும். அறிவியல் பெயர் டெர்மோஜெனிஸ் கொலெட்டை. நீண்ட காலம் இதை டெர்மோஜெனிஸ் புசில்லா என்ற இன்னொரு இனமாகவே எண்ணியிருந்தார்கள். 2001இல்தான் தனி இனமாகப் பிரித்து, அமெரிக்க மீனியலாளர் புரூஸ் கொலெட்டின் பெயரைச் சூட்டினார்கள். கடல் முரலும் பறக்கும் கோலாவும் இதன் தூரத்துச் சொந்தங்கள்.

படி 1: இடமும் நேரமும்

முதல் முறைக்கு விண்ட்சர் இயற்கைப் பூங்காவைச் சொல்வேன். 2017இல் திறந்தது. அப்பர் தாம்சன் எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். உள்ளே ஓடையை ஒட்டிப் பாதை போகிறது, தண்ணீர் ஆழமில்லாமல் தெளிவாக இருக்கும். லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தின் பலகைப் பாதையும் நல்ல இடம்தான். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அதுவே வசதி.

ஓடையில் வேகமாக நீர் ஓடும் நடுப்பகுதியை விட்டுவிடுங்கள். கரையோரம், மரக்கிளை தாழ்ந்து நிழல் விழுகிற, நீர் மெதுவாகச் சுற்றுகிற மூலைதான் வேண்டும். காலை எட்டிலிருந்து பத்துக்குள் வெளிச்சம் சாய்வாக விழும், வெயிலும் தாங்கும். பெருமழை பெய்த மறுநாள் தண்ணீர் கலங்கியிருக்கும், அன்று போவது வீண். மழை அங்கியும் தண்ணீர்ப் போத்தலும் பைக்குள் இருக்கட்டும். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டுப் போகாதீர்கள், குரங்குகள் அதைத்தான் முதலில் பார்க்கும்.

படி 2: கண்ணைப் பழக்குங்கள்

போனவுடன் எதுவும் தெரியாது. இது எல்லாருக்கும் நடப்பதுதான். முதுகு பச்சை கலந்த பழுப்பு, வயிறு வெள்ளி. மேலிருந்து பார்க்கும் மீன்கொத்திக்கு முதுகு ஓடையின் தரையோடு கலந்துவிடும்; கீழிருந்து பார்க்கும் விராலுக்கு வயிறு வானத்தின் வெளிச்சத்தோடு கலந்துவிடும். உங்கள் கண்ணுக்கும் அதே ஏமாற்றம்தான்.

அதனால் மீனைத் தேடாமல் நிழலைத் தேடுங்கள். வெயில் படும் ஆழமற்ற இடத்தில், ஓடையின் மணல்மேல் மெல்லிய கோடு ஒன்று அசையாமல் நிற்கும். அதைப் பார்த்தபின் பார்வையை நேர் மேலே கொண்டுவாருங்கள். மேற்பரப்பில் ஓர் ஈர்க்குச்சி மிதப்பதுபோல் தெரியும். ஆனால் மிதக்கும் குச்சி நீரோட்டத்தோடு போய்விடும். இது எதிர்நீச்சல் போட்டு அதே இடத்தில் நிற்கும். ஒன்று தெரிந்துவிட்டால் பக்கத்தில் நாலைந்து இருப்பது தானாகத் தெரிய ஆரம்பிக்கும். போலரைஸ்டு கண்ணாடி இருந்தால் நீரின் பளபளப்பு குறையும். இல்லாவிட்டாலும் பாதகமில்லை, உங்கள் நிழல் தண்ணீரில் விழாதபடி உட்கார்ந்தால் போதும். நிழல் பட்டால் கூட்டம் சட்டென்று கலையும். அப்போது எழுந்து போய்விடாமல் அசையாது இருங்கள், கொஞ்ச நேரத்தில் திரும்பிவரும்.

படி 3: முரல்தானா என்று உறுதி செய்யுங்கள்

மேல்மட்டத்தில் வேறு மீன்களும் உண்டு. தலை உச்சியில் வெள்ளிப் பொட்டு மின்னினால் அது வெண்பொட்டு மீன். அதுவும் பூச்சி பிடிக்கும் மீன்தான். வால் விசிறிபோல் விரிந்து வண்ணம் காட்டினால் கப்பி. முரலுக்கு இரண்டு அடையாளம் போதும்: நீண்ட கீழ்த்தாடை, வாலருகே தள்ளிப் போயிருக்கும் முதுகுத் துடுப்பு. முதுகுத் துடுப்பும் அடித் துடுப்பும் இப்படிப் பின்னுக்கு இருப்பதால்தான் நின்ற இடத்திலிருந்து ஒரே உந்தலில் அதனால் பாய முடிகிறது.

படி 4: வேட்டையைப் பாருங்கள்

இந்தப் படிக்கு அதிக நேரம் கொடுங்கள். இதற்காகத்தான் வந்திருக்கிறோம்.

குட்டி முரலின் சாப்பாட்டில் பெரும் பங்கு தண்ணீரிலிருந்து வருவதில்லை, மரத்திலிருந்து விழுகிறது. எறும்பு, கொசு, சிறு ஈ, சிறு வண்டு என்று தவறி விழும் எல்லாமே அதற்கு இரை. ஆகவே ஓடைமேல் நீளும் கிளைகளில் முசுறு எறும்புக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். இலைகளைச் சேர்த்துப் பின்னிய பந்து போன்ற கூடு, சிங்கப்பூரில் எங்கும் காணலாம். அதன் கீழே இடம் பிடித்து உட்காருங்கள். காற்று ஒருமுறை பலமாக அடித்தால் ஓரிரண்டு எறும்பாவது தண்ணீரில் விழும்.

விழுந்த எறும்பு கால்களை உதறும். அதைச் சுற்றிச் சிறு வளையங்கள் கிளம்பும். சில மீன்கள் அந்த அசைவுக்கே திரும்பிவிடுவதைப் பார்க்கலாம். அசைவை உணரும் பக்கக்கோடு முரலுக்கு உடம்பின் நடுவில் இல்லாமல் அடிவயிற்றை ஒட்டி ஓடுகிறது. நியூசிலாந்துக் கடலில் வாழும் இதன் உறவு மீன் ஒன்றுக்கு நீண்ட கீழ்த்தாடையிலும் இந்த உணர்வு உறுப்புகள் உண்டு. இரவில் இரையின் அசைவை அறிய அவை உதவுகின்றன.

அப்புறம் பாய்ச்சல். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும் என்பதால் கைபேசியில் மெதுவசைவுக் காணொளியாக எடுத்து, பிறகு போட்டுப் பாருங்கள். இதைத் தவறவிடவே கூடாது. மீன் இரையின் கீழாக வரும். நீண்ட கீழ்த்தாடை எறும்புக்கு அடியில் வழுக்கிக்கொண்டு முன்னே போகும்; அது எதையும் குத்துவதில்லை. எறும்பு அலகின் அடிப்பகுதிக்கு வந்து சேர்ந்த கணத்தில் மேல்தாடையின் அந்தச் சின்ன முக்கோணம் மூடிபோல மேலே தூக்கி, டக்கென்று இறங்கும். எறும்பு போன இடத்தில் ஒரு வளையம் மட்டும் விரியும்.

இதற்கு இரைப்பை கிடையாது. தொண்டைக்குள் இருக்கும் பற்கள் அரைத்துத் தள்ள, உணவு நேராகக் குடலுக்குப் போகிறது. விழுவதையெல்லாம் அது துரத்தினாலும், சிலவற்றை வாயில் வாங்கி உடனே துப்பிவிடும். எதை விழுங்குகிறது, எதைத் துப்புகிறது என்று எண்ணிப் பாருங்கள். சிறுவர்களுக்கு இதில் தனி ஆர்வம் வந்துவிடும்.

கொசுப்புழுவையும் இது தின்னும். ஆனால் அதை வைத்து “டெங்கிக்கு மருந்து” என்று சொல்வது சரியல்ல. டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டுப் பூந்தொட்டித் தட்டிலும் வாளியிலும் முட்டையிடுகிறது; அங்கே எந்த முரலும் வரப்போவதில்லை. அந்தத் தட்டை நாம்தான் கவிழ்க்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள்: வேட்டையைச் சீக்கிரம் பார்க்க வேண்டும் என்று ரொட்டித் துண்டோ மீன் தீனியோ போடாதீர்கள். அது மீனுக்கும் நல்லதல்ல, தண்ணீருக்கும் நல்லதல்ல. பூங்கா விதியும் அனுமதிக்காது. அதோடு, தீனிக்கு அடித்துக்கொள்ளும் மீன் வேறு, வேட்டையாடும் மீன் வேறு.

படி 5: ஆணையும் பெண்ணையும் பிரித்தறியுங்கள்

பெண் பெரிது, உடம்பு கொஞ்சம் தடிப்பு. ஆண் சிறிது, துடுப்புகளில் சிவப்போ மஞ்சளோ படர்ந்திருக்கும். ஆணின் அடித் துடுப்பின் முன்பகுதி உருமாறி, விந்தணுவைப் பெண்ணின் உடலுக்குள் செலுத்தும் உறுப்பாக இருக்கிறது. கரையிலிருந்து அது தெரியாது.

ஆனால் நடத்தை நன்றாகத் தெரியும். பெண்ணின் வயிற்றுக்குக் கீழே, சற்றுப் பின்னால், ஒரு சின்ன மீன் விடாமல் கூடவே போனால் அது ஆண். அவள் திரும்பினால் திரும்பும், நின்றால் நிற்கும். அவள் வயிற்றின் பின்பகுதியில் ஆரஞ்சு நிறப் புள்ளி ஒன்று இருக்கிறது. கர்ப்பம் முற்ற முற்ற அந்த நிறம் பரவி, ஈன்றபின் சுருங்குகிறது. புள்ளி பெரிதாக உள்ள பெண்ணையே ஆண்கள் அதிகம் நாடுகின்றன என்பதைச் சோதனைத் தொட்டிகளில் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். சாய்வான வெளிச்சத்தில் பெண் பக்கவாட்டில் திரும்பும்போது அந்தப் புள்ளி ஒரு கணம் தெரியும். பொறுத்திருந்து பார்க்க வேண்டியது.

இரண்டு ஆண்கள் எதிர்ப்பட்டால் பெரும்பாலும் சிறியது ஒதுங்கிப் போய்விடும். சம பலம் என்றால் துடுப்பை விரித்துப் பக்கம் பக்கமாக நீந்தும். அதற்கும் அடங்காவிட்டால் அலகோடு அலகு கவ்விக்கொள்ளும். தாய்லாந்தில் இதன் உறவினத்தைப் பந்தயச் சண்டைக்கு விடும் வழக்கம் இருந்தது. ஓடையில் ஓட இடம் இருப்பதால் சண்டை சீக்கிரமே முடியும். தொட்டியில் தோற்றதற்குப் போக்கிடம் இல்லை. காட்டு மீனை வீட்டுக்குக் கொண்டுவர நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஒருமுறை நான் பாலத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, காலை நடைக்கு வந்த பெரியவர் ஒருவர் நின்றார். “என்ன தம்பி, ஏதாச்சும் விழுந்துடுச்சா?” “இல்லை ஐயா, மீன் சண்டை.” அவரும் குனிந்தார். பிறகு நடையை மறந்து, எந்த மீன் ஜெயிக்கும் என்று என்னோடு வாதாடிக்கொண்டிருந்தார்.

படி 6: குஞ்சுகள்

இது முட்டையிடாது, குட்டி போடும். கரு தாயின் வயிற்றில் நான்கு வாரங்களுக்கு மேல் வளர்ந்து, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளக் குஞ்சாக வெளியே வரும். பிறக்கும்போது அலகு குட்டையாகத்தான் இருக்கும். வளர வளரத்தான் கீழ்த்தாடை நீளும். புல்லும் பாசியும் அடர்ந்த ஓரங்களில் தேடுங்கள். பெரிய மீன்கள் சொந்த இனக் குஞ்சையே விழுங்கக்கூடும் என்பதால் அவை மறைவிடத்தை விட்டு அதிகம் விலகுவதில்லை.

படி 7: எழுதி வையுங்கள்

தேதி, நேரம், வெயிலா மேகமா, எத்தனை மீன், எந்தப் பக்கம் பார்த்து நின்றன, என்ன தின்றன. இவ்வளவு போதும். வரையத் தெரியாவிட்டாலும் ஓடையின் மூலையைக் கோட்டுப் படமாகப் போட்டு, ஒவ்வொரு மீன் நின்ற இடத்திலும் புள்ளி வையுங்கள். அடுத்த முறை அதே மூலைக்குப் போகும்போது அந்தப் படம் பேசும். படம் பிடித்தால் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றலாம், இனத்தை உறுதிப்படுத்த மற்றவர்கள் உதவுவார்கள்.

மீனைப் பிடித்து எடுத்து வராதீர்கள். அதே அளவுக்கு முக்கியமானது, வீட்டு மீனைக் கொண்டுபோய் விடாமல் இருப்பது. புண்ணியத்துக்காக உயிரினங்களை விடும் வழக்கமுள்ள பௌத்தர்களின் விசாக தினத்தையொட்டி தேசியப் பூங்காக் கழகம் இதை ஆண்டுதோறும் வலியுறுத்துகிறது. புண்ணியம் என்று நினைத்து விடும் மீன் பெரும்பாலும் பிழைக்காது. பிழைத்தால் உள்ளூர் மீன்களின் இரையையும் இடத்தையும் பறிக்கும்.

படி 8: காட்டு முரலைத் தேடுங்கள்

குட்டி முரல் கண்ணுக்குப் பழகியபின் இதற்கு வாருங்கள். காட்டின் உள்ளே, மர நிழல் மூடிய ஓடைகளில், ஹெமிராம்ஃபோடான் போகோனோக்நாதஸ் என்ற இன்னொரு முரல் இருக்கிறது. அதன் கீழ்த்தாடை இன்னும் நீளம். நுனியில் சதைத் துணுக்கு ஒன்று தாடிபோலத் தொங்கும். தாடை நெடுகப் பற்கள். முதுகுத் துடுப்பும் நீளமானது, குட்டி முரலுக்கு இருப்பதுபோல் வாலருகே ஒதுங்கியிருக்காது. வயிற்றில் வெவ்வேறு வயதுக் கருக்களை ஒரே நேரத்தில் சுமந்து, ஒரேயடியாக ஈனாமல் சிறுகச் சிறுக ஈனும். இதன் முக்கிய இருப்பிடமான நீ சூன் சதுப்புக் காட்டுக்குள் பொதுமக்கள் போக முடியாது. தீவின் நடுவிலுள்ள காப்புக்காட்டைச் (சென்ட்ரல் கேட்ச்மெண்ட்) சுற்றிய பொதுப் பாதைகள் ஓடையைக் கடக்கும் இடங்களில், பாலத்தின் நிழல் விழும் பக்கத்தில் நின்று தேடுங்கள். குட்டி முரல் வெளிச்சமான கரையில் நிற்கும். இது இருட்டுப் பக்கம்தான் நிற்கும்.