ஓரக்குறிப்பில் கிடைத்த பாட்டி ஊர்

தாத்தாவின் கல்யாணப் பதிவை, தூத்துக்குடிப் பக்கம் அவர் பிறந்த பங்கில் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி) எவ்வளவு புரட்டியும் காணவில்லை. அந்தக் காலத்தில் கத்தோலிக்கக் கல்யாணம் பெரும்பாலும் பெண் வீட்டுப் பங்கில்தான் நடக்கும். பாட்டியின் ஊரோ வீட்டில் யாருக்கும் தெரியாது.

"ஞானஸ்நானப் பதிவோட ஓரத்தைப் பாருங்க தம்பி" என்றார் பங்குத்தந்தை. ஒருவருக்குக் கல்யாணம் ஆனால் அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தகவல் அனுப்பி, பழைய பதிவிலேயே குறிக்க வேண்டும் என்று 1917இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பு சொன்னது. தாத்தாவுக்கும் குறித்திருந்தார்கள்: தேதி, பாட்டி பெயர், அவர் பங்கு. தாத்தா பெயரிலேயே இன்னொருவரும் இருந்தார் (சவேரியார் என்ற பெயருக்கா அங்கே பஞ்சம்!). ஞானஸ்நானத்தின்போது பிள்ளைக்குப் பொறுப்பேற்கும் ஞானப்பெற்றோர் பெயர்களை வைத்து எங்கள் ஆளைப் பிரித்தேன். அப்புறம் பாட்டியின் பங்குக்கு எழுதிக் கேட்டேன். வந்த நகலில் கொள்ளுத்தாத்தா பெயரும் இருந்தது.