வேனுக்கு அடியில் தகடு அடிக்காதீர்கள்

போன மாதம் ஒரு தம்பி தன் வேனைக் கொண்டுவந்து காட்டினார். பயணிகள் வேனை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்து வீடாக்கியிருந்தார். குனிந்து பார்த்தேன். பம்பர் முதல் கியர்பாக்ஸ் வரை அலுமினியத் தகடு. "காற்று வழுக்கிக்கொண்டு போகும் அண்ணா, டீசல் மிச்சம்" என்றார். பத்து வருடத்துக்கு முன்னால் நான் பேசிய அதே வசனம். டீசல் மிச்சத்துக்கு டயரில் காற்று, ஃபில்டர் சுத்தம் எல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

அடித்தகடு

யோசனை தவறல்ல. வண்டியின் அடிப்பக்கம் முழுக்க மேடு பள்ளம். மூடினால் காற்றுத் தடை குறையும். ஆனால் முன்னால் ரேடியேட்டர் வழியாக நுழையும் காற்று, எஞ்சினைச் சுற்றிக்கொண்டு அடிவழியாகத்தான் வெளியேறுகிறது. கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு வாசல் கதவைத் திறந்துவைத்தால் வீட்டுக்குள் காற்று ஓடுமா?

சமவெளியில் இது தெரியாது. அப்போது என் வேனிலும் இதே தகடுதான். பொள்ளாச்சி வரை 80-ல் போனேன். சூட்டு முள் அசையவில்லை. ஆழியாறு தாண்டியதும் வால்பாறை மலைப்பாதை, 40 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாம் கியர், 20 கி.மீ. வேகம், எஞ்சினுக்கு முழுப் பாரம். எதிர்க்காற்று கிடையாது, விசிறி மட்டும்தான். அது தள்ளிய சூட்டுக்குப் போக்கிடம் இல்லை; சுற்றிவந்து மறுபடி ரேடியேட்டருக்குள்ளேயே புகுந்தது.

எரிச்சல் அதில் இல்லை. தகட்டை நான் சந்தேகிக்கவே இல்லை என்பதில்தான். எஞ்சின் சூட்டுக்கேற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். புது ரேடியேட்டர் வாங்கினேன். கிரில்லை அறுத்துப் பெரிதாக்கினேன். மூன்றாவது ஏற்றத்தில் எஞ்சினுக்கும் அதன் தலைமூடிக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிற்று, அந்தத் தலைமூடியான சிலிண்டர் ஹெட்டும் வளைந்தது. மெக்கானிக் தகட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்து, "இதை யார் போடச் சொன்னது?" என்றார். நான் டீ வாங்கப் போய்விட்டேன்.

மூடியே தீரவேண்டுமென்றால் தகட்டை எஞ்சினுக்கு முன்னாலேயே நிறுத்துங்கள். ரேடியேட்டரின் ஓர இடைவெளிகளை ஸ்பாஞ்சு வைத்து அடையுங்கள். காற்று அதைச் சுற்றிப் போகாமல் அதற்குள் போகும். தொழிற்சாலை மாட்டிய மூடி வேறு விஷயம். அது கணக்குப் போட்டு வைத்தது.

பேனட்டுக்குள் திறந்த ஃபில்டர்

காற்று ஃபில்டரை அதன் பெட்டியில்லாமல் திறந்தபடி மாட்டினால் உறுமல் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது குடிப்பது எஞ்சினின் சூட்டை. 30 டிகிரி கூடினாலே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். குளிர்ந்த காற்று வேண்டுமென்று குழாயைப் பம்பருக்குக் கீழே இறக்குகிறவர்களும் உண்டு. மழைக்காலத்தில் ஒரு சுரங்கப்பாதை போதும். எஞ்சின் தண்ணீரை உறிஞ்சி, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளையும்.

பின்னால் இறக்கை

பெட்டி வண்டிக்கு முதலில் முகம்தான் முக்கியம். 1950-ல் உற்பத்திக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் வேனின் முதல் மாதிரியை ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்தபோது இழுவை எண் (வடிவத்தால் வரும் காற்றுத் தடையின் அளவு) 0.75. முகத்தைத் திருத்தியதும் 0.44. கடையில் விற்கும் இறக்கை அழகுக்கு.

கூரை கேரியர்

காலியாக இருந்தால் கழற்றுங்கள்.

வேகம்

100-லிருந்து 80-க்கு இறங்கினால் காற்றுத் தடை 36 சதவீதம் குறையும். செலவில்லை.

ஆர்டிஓ

மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52: வண்டியின் அமைப்பை மாற்றுவது பற்றியது. வெல்டிங்குக்கு முன்னால் படியுங்கள், பின்னால் அல்ல.

இவ்வளவும் அந்தத் தம்பியிடம் சொன்னேன். தலையாட்டினார். தகடு இன்னும் அங்கேயே இருக்கிறது. அடுத்த வாரம் கொல்லிமலை போகிறாராம், 70 வளைவுகள்.