கம்பெனி மாற்றியதும் நெட் மெதுவாகிவிட்டதா? இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்கள் கவனத்துக்கு

இங்கே வந்து ஒன்றரை, இரண்டு ஆண்டில் முதல் பிராட்பேண்ட் ஒப்பந்தம் முடிந்து மாதக் கட்டணம் ஏறும், "வேற கம்பெனியில் இதைவிட மலிவு, மாறிடுங்க" என்று யாராவது சொல்வார்கள். மாறுவது இப்போது எளிதுதான். 2024 செப்டம்பரிலிருந்து புதிய கம்பெனியிடம் மட்டும் சொன்னால் போதும், பழையதை நிறுத்துவதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஆனால் மாறிய வாரமே அம்மாவோடு வீடியோ காலில் பேசும்போது படம் உறைந்து நின்றால் மனசு பதறும், தெரியாமல் மாறிவிட்டோமோ என்று தோன்றும். பதற வேண்டாம், பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய விஷயம்தான்.

பல கம்பெனிகள் பயன்படுத்துவது ஓப்பன்ரீச் என்ற நெட்வொர்க் நிறுவனத்தின் கம்பியைத்தான். விர்ஜின் மீடியா போன்ற சிலருக்குத்தான் சொந்தக் கம்பி. ஓப்பன்ரீச்சின் செம்பு லைனிலேயே ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்குப் போனால், தெருவோரப் பச்சைப் பெட்டியிலிருந்து வீட்டுக்கு வரும் செம்புக் கம்பி அதேதான். அப்படியென்றால் மாறியது என்ன? பிளான், ரூட்டர், ரூட்டரைச் செருகிய இடம். முதலில் பிளானைப் பாருங்கள், மலிவாகக் கிடைத்ததே 40 மெகாபிட் வரைதான் என்று இருக்கலாம். இன்னொன்று, ஸ்பீடு சொல்வது மெகாபிட்டில், கோப்பு இறங்குவதை கம்ப்யூட்டர் பெரும்பாலும் மெகாபைட்டில் காட்டும். 40 மெகாபிட் என்றால் நொடிக்கு 5 மெகாபைட்தான்.

அப்புறம் லேப்டாப்பை லேன் கேபிளில் நேராக ரூட்டரோடு இணைத்து, மற்ற போன், டிவி எல்லாவற்றையும் துண்டித்துவிட்டு ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். இதைச் செய்யாமல் கம்பெனிக்குப் போன் போடவே போடாதீர்கள். கேபிளில் நன்றாக வந்தால் லைனில் குறையில்லை, வைஃபைதான் காரணம். ரூட்டரை அலமாரிக்குள்ளிருந்து வெளியே எடுங்கள், மைக்ரோவேவ் பக்கத்தில் வைக்காதீர்கள், போன் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒட்டிக்கொண்டிருந்தால் 5-க்கு மாற்றுங்கள். அது வேகம் கூடுதல், ஆனால் சுவர் தாண்டிப் போவது குறைவு.

கேபிளிலும் மெதுவாக இருந்தால் சாக்கெட்டைப் பாருங்கள். நான் வாடகைக்கு இருந்த ஈஸ்ட்ஹாம் வீட்டில் மாடி அறையில் ஒரு போன் சாக்கெட் இருந்தது, வசதியாக இருக்கிறதென்று புதிய ரூட்டரை அதில் செருகினேன், 18 மெகாபிட்டுக்கு மேல் ஏறவில்லை. கம்பி முதலில் வந்து சேரும் மாஸ்டர் சாக்கெட் கீழே வாசல் பக்கம். அதன் முன்தகட்டின் கீழ்ப்பாதியைக் கழற்றினால் உள்ளே டெஸ்ட் சாக்கெட் ஒன்று இருக்கும். அதில் செருகியதும் 41 வந்தது. வீட்டுக்குள் ஓடிய பழைய ஒயர்தான் வேகத்தைத் தின்றிருக்கிறது. இதைப் பார்க்காமல் இன்ஜினியரைக் கூப்பிட்டு, குறை வீட்டு ஒயரில் என்று தெரிந்தால் உங்களிடம் காசு கேட்கலாம். வீடு வரைக்கும் கண்ணாடி இழையே வரும் முழு ஃபைபர் இணைப்பு என்றால் இந்த சாக்கெட் விவகாரமே கிடையாது.

செம்பு லைனில் முதல் 10 நாள் வேகம் ஏறி இறங்கும், லைன் தன்னைச் சரிசெய்துகொள்ளும் காலம் அது. அப்போது ரூட்டரை அடிக்கடி அணைத்துப் போடாதீர்கள். லைன் நிலையாக இல்லை என்று எண்ணி எதிர்முனையில் இருக்கும் கருவி தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும்.

இவ்வளவுக்கும் சரியாகவில்லையா, தயங்காமல் புகார் சொல்லுங்கள். நம்மவர்கள் பலர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள், வந்த இடத்தில் எதற்கு வம்பு என்று. வம்பே இல்லை, காசு கொடுக்கிறீர்கள். ஒப்பந்தத்தில் சேரும்போது வந்த மின்னஞ்சலில் 'குறைந்தபட்ச உத்தரவாத வேகம்' (மினிமம் கேரண்டீட் ஸ்பீடு) என்று ஒரு எண் இருக்கும், தேடி எடுங்கள். தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் அமைப்பான ஆஃப்காமின் வேக விதிமுறையை ஏற்ற கம்பெனி என்றால், அந்த எண்ணுக்குக் கீழே போவதைச் சொன்ன நாளிலிருந்து 30 நாளில் சரிசெய்ய வேண்டும், முடியாவிட்டால் அபராதமில்லாமல் ஒப்பந்தத்தை விட்டு வெளியேற உங்களை விட வேண்டும். கேபிளில் எடுத்த அளவுகளைத் தேதி, நேரத்தோடு குறித்து வையுங்கள், இரவு 8 முதல் 10 வரை எடுத்ததும் இருக்கட்டும், நெரிசல் அப்போதுதான். போனில் ஆங்கிலம் தடுமாறினால் சாட்டில் எழுதுங்கள், பேசியது எழுத்தில் நிற்கும். அதற்கும் மசியவில்லையென்றால் 'டெட்லாக் லெட்டர்', அதாவது இதற்கு மேல் எங்களால் தீர்க்க முடியாது என்று கம்பெனி எழுதித் தரும் கடிதம், கொடுங்கள் என்று கேளுங்கள், அதை வைத்து அந்தக் கம்பெனி சேர்ந்திருக்கும் சமரச அமைப்புக்குப் போகலாம், உங்களுக்குச் செலவில்லை.