குடும்ப வன்முறைக் காயங்கள்: எக்ஸ்ரே, ஸ்கேன் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவர் எழுதி அனுப்பிய சீட்டில் ‘படியில் விழுந்தார்’ என்று இருக்கும். எக்ஸ்ரேயில் பார்த்தால், முன்கையில் சுண்டுவிரல் பக்கம் ஓடும் அல்னா எலும்பு நடுத்தண்டில் முறிந்திருக்கும். பக்கத்திலுள்ள ரேடியஸ் எலும்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. விழுகிறவர் உள்ளங்கையை ஊன்றுவார். அப்போது பெரும்பாலும் உடைவது மணிக்கட்டை ஒட்டிய ரேடியஸ்தான். அல்னா மட்டும் நடுவில் உடைய வேண்டுமானால் பெரும்பாலும் அதன்மேல் நேராக அடி விழ வேண்டும். முகத்தைக் காக்கக் கையைத் தூக்கினால் அடி வாங்குவது அந்த இடம்தான்.

அப்படியிருக்க, சீட்டில் உள்ள காரணத்தையே ரிப்போர்ட்டிலும் ஒப்பித்துவிட்டுப் போவது முதல் தவறு. ‘கணவர் அடித்ததால்’ என்று தீர்ப்பு எழுதுவதும் தவறுதான். வாகன விபத்திலும் விளையாட்டிலும் இதே முறிவு வரும். யார் அடித்தார் என்று படம் சொல்லாது. ‘சொல்லப்பட்ட காரணத்தோடு இந்த முறிவு பொருந்தவில்லை, நேரடி அடியால் ஏற்பட்டிருக்கலாம்’ என்பதுவரை எழுதலாம், எழுதவும் வேண்டும்.

அதிகம் நடக்கும் தவறும் அதிகம் இழக்க வைக்கும் தவறும் பழைய படங்களைத் திறந்து பார்க்காததுதான். இன்றைய மூக்கு முறிவைத் தனியாகப் பார்த்தால் சாதாரணம். போன வருட விரல் முறிவு, அதற்கு முன் எடுத்த நெஞ்சுப் படத்தில் ஆறிப்போன விலா எலும்பு என்று வரிசையாக வைத்தால் கதை வேறு. புது முறிவின் விளிம்பு கூராக இருக்கும். சில வாரங்களில் அதைச் சுற்றிப் புது எலும்பு படியும். இந்த இரண்டும் ஒரே உடலில் இருந்தால் குறிப்பிடுங்கள். பெரியவர்களுக்கு முறிவின் தேதியைத் துல்லியமாகக் கணிக்க முடியாது, அந்த வம்பு வேண்டாம். தலை சி.டி.யில் மூளையை மட்டும் பார்த்து மூடிவிடாமல் கண்குழி, கன்ன எலும்பு, தாடையையும் பாருங்கள்.

உயிருக்கே உலை வைப்பது கழுத்து நெரிப்பு. தோலில் தடமே இல்லாமல் போகலாம். சாதாரண எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்புவது ஆபத்து. அதில் ரத்தக்குழாய் தெரியாது. குரல் கம்மியிருந்தாலோ, விழுங்க வலித்தாலோ, நினைவு தப்பியிருந்தாலோ கழுத்துக்கு, ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராம் தேவை. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியின் உட்சுவர் கிழிந்திருந்தால் பக்கவாதம் சில நாள் கழித்தும் வரலாம். கர்ப்பிணி என்பதற்காக இதைத் தள்ளிப்போடக் கூடாது. வயிற்றில் அடிபட்ட கர்ப்பிணிக்கு அல்ட்ராசவுண்டில் ஒன்றும் தெரியவில்லை என்பதும் போதாது. நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து பிரிந்திருப்பதை அது பல நேரம் தவறவிடும்.

கேள்வி கேட்பதிலும் ஒரு பிழை உண்டு. கூட வந்தவர் எதிரிலேயே ‘எப்படி அடிபட்டது?’ என்று கேட்டால் சீட்டில் உள்ள பதில்தான் திரும்ப வரும். மொழிபெயர்க்கவும் அவரையே கூப்பிடுவது அதைவிட மோசம். கதிர்வீச்சு இருப்பதால் எக்ஸ்ரே அறைக்குள் துணையை விடாதது வழக்கம், யாருக்கும் சந்தேகம் வராது. தனியாகக் கேட்க அந்த சில நிமிடங்கள் போதும். ரிப்போர்ட் எந்தக் கைபேசிக்குப் போகிறது என்பதையும் அப்போதே கேளுங்கள். அது நோயாளியின் கையில் இல்லாத கைபேசி என்றால், சந்தேகத்தை முதலில் சிகிச்சை தரும் மருத்துவரிடம் நேரில் சொல்லுங்கள்.