வணிகத் தகவல் முறைமை: வகையை அறிவதும் உருவாக்கும் வழியைத் தேர்வதும்

ஒரு நிறுவனத்துக்குத் தகவல் முறைமை வேண்டும் என்று முடிவானதும், எந்த மென்பொருளை வாங்கலாம் என்ற பேச்சுதான் பெரும்பாலும் முதலில் எழுகிறது. அதற்கு முன்பே இரண்டு கேள்விகளுக்கு விடை கண்டாக வேண்டும். இந்த முறைமையைக் கொண்டு யார், எந்த முடிவை எடுக்கப் போகிறார்? தனக்கு என்ன தேவை என்பது அவருக்கு இன்றைக்கு எவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கிறது? முதல் கேள்வியின் விடை முறைமையின் வகையைத் தீர்மானிக்கும். இரண்டாவதன் விடை அதை உருவாக்கும் வழியைத் தீர்மானிக்கும்.

நிறுவனத்தின் முடிவுகளை அன்றாடச் செயல்பாடு, மேலாண்மைக் கட்டுப்பாடு, நீண்டகாலத் திட்டமிடல் என்று மூன்று மட்டங்களாக மேலாண்மை அறிஞர் ராபர்ட் ஆந்தனி 1965-இல் வகுத்துக் காட்டினார். இன்றும் வகைகளைப் புரிந்துகொள்ள அந்தப் பிரிவே வசதியானது. அடிமட்டத்தில் இருப்பது பரிவர்த்தனைச் செயலாக்க முறைமை: பில் போடுதல், இருப்பைக் கழித்தல், சம்பளம் கணக்கிடுதல் போன்ற வேலைகளை அது பதிவு செய்கிறது. இதை எளிய வேலை என்று கருதி அவசரமாக முடித்துவிடுபவர்கள் பலர். என் கணிப்பில், மொத்தக் கவனத்தில் பாதியை இங்கேதான் செலவிட வேண்டும்.

ஒரு வாடிக்கையாளர் பத்துப் பொருள்களை வாங்கிச் சென்று, அவற்றில் இரண்டைத் திருப்பித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய பில்லைத் திறந்து பத்தை எட்டாக மாற்றினாலும் அன்றைய இருப்பும் பணக்கணக்கும் சரியாகவே இருக்கும். ஆனால், எந்தப் பொருள் அதிகமாகத் திரும்பி வருகிறது என்று மேலாளர் ஆறு மாதம் கழித்துக் கேட்டால், அதற்கான விடை எந்த அறிக்கையிலும் கிடைக்காது. திரும்பி வந்த செய்தியே அழிந்துவிட்டது. எனவே பழைய பதிவைத் தொடாமல், திரும்பப் பெற்றதைத் தேதியோடும் காரணத்தோடும் தனிப் பதிவாகவே இட வேண்டும். அதேபோல, பில்லும் இருப்புக் கழிவும் இரண்டும் சேர்ந்தே பதிவாக வேண்டும், அல்லது இரண்டுமே பதிவாகாமல் போக வேண்டும்; நடுவில் மின்சாரம் நின்றாலும் இந்த உறுதி குலையாத தரவுத்தளத்தையே தேர்ந்தெடுங்கள்.

இந்தப் பதிவுகளைத் தொகுத்து, திட்டமிட்டதற்கும் நடந்ததற்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்த காலத்தில் காட்டுவது மேலாண்மைத் தகவல் முறைமை. விலையைக் குறைத்தால் என்ன ஆகும், இன்னொரு கிடங்கு திறந்தால் என்ன ஆகும் என்று மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்க்க உதவுவது முடிவெடுப்பு ஆதரவு முறைமை. விதிகளால் மட்டும் தீர்த்துவிட முடியாத, ஓரளவு அனுபவ அறிவையும் நாடுகிற முடிவுகளுக்கு உரியது அது. உயர்நிலை நிர்வாகிகளுக்கான முறைமை சில முக்கிய அளவுகோல்களை மட்டும் வெளித் தகவல்களோடு சேர்த்து ஒரே திரையில் தருகிறது. ஈஆர்பி (நிறுவன வளத் திட்டமிடல்) என்பது இவற்றுக்கு மேலே அமைந்த இன்னொரு மட்டம் அன்று. கொள்முதல், உற்பத்தி, விற்பனை, கணக்கு ஆகிய துறைகள் ஒரே தரவுத்தளத்தைப் பகிர்ந்துகொள்ளும்படி குறுக்காக இணைப்பதே அதன் வேலை.

இனி உருவாக்கும் வழி. சம்பளக் கணக்கு போல விதிகள் ஏற்கெனவே எழுத்தில் இருக்குமானால், தேவை, வடிவமைப்பு, நிரலாக்கம், சோதனை, நிறுவுதல் என்று படிப்படியாகச் செல்லும் அருவி மாதிரி போதும். இந்தப் படிநிலைகளை 1970-இல் ஒரு கட்டுரையில் வரைந்து காட்டிய மென்பொருள் பொறியாளர் வின்ஸ்டன் ராய்ஸ், பின்னோக்கித் திரும்பாமல் ஒரே போக்கில் செல்வது ஆபத்தானது என்று அதே கட்டுரையிலேயே எச்சரித்திருந்தார் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பயனர் தம் தேவையைச் சொல்லத் திணறுகிறார் என்றால், சில திரைகளைக் கொண்ட முன்மாதிரியைச் செய்து அவர் கையில் கொடுங்கள். முடிவெடுப்பு ஆதரவு முறைமைகளுக்குப் பெரும்பாலும் இதுவே பொருந்தும். பெரிய, செலவு மிகுந்த திட்டத்தில், எது தவறினால் எல்லாமே தவறுமோ அதை முதலில் சோதித்துப் பார்க்கும், மென்பொருள் பொறியியல் அறிஞர் பேரி போமின் சுழல் மாதிரியைக் கருதலாம்.

சந்தையோடு தேவையும் மாறிக்கொண்டே இருக்கும் இடங்களில், சிறு சிறு பகுதிகளாகச் செய்து பயனரின் கருத்தைக் கேட்டுத் திருத்திக்கொண்டே போகும் அஜைல் முறை நன்கு உதவும். 2001-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 மென்பொருள் வல்லுநர்கள் வெளியிட்ட அறிக்கையிலிருந்து அந்தப் பெயர் பரவியது. அதன் கீழ் வரும் ஸ்கிரம் முறையில், ஒரு மாதத்துக்கு மிகாத, ஸ்பிரிண்ட் எனப்படும் வேலைச் சுற்று ஒவ்வொன்றின் முடிவிலும் பயன்படுத்தத் தக்க ஒரு பகுதி தயாராக வேண்டும். ஆனால், எது முதலில் வேண்டும் என்று அதிகாரத்தோடு சொல்லக்கூடிய ஒருவரை நிறுவனம் ஒதுக்கித் தர வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால் இந்த வழியில் இறங்காமல் இருப்பதே நல்லது.

ஆயத்த மென்பொருளை வாங்கும்போது, அது நம் வழக்கத்தோடு ஒத்துப்போகாத இடங்களை எழுதி, ஒவ்வொன்றிலும் நம் வழக்கத்தை மாற்றிக்கொள்ள முடியுமா என்று முதலில் பாருங்கள். மென்பொருளைத் திருத்தினால், புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அந்தத் திருத்தத்தை மறுபடி சோதிக்க வேண்டியிருக்கும். ஊழியர்கள் தாங்களே எக்செலில் செய்துகொள்ளும் கணக்குகளும் ஒருவகை உருவாக்கமே. அவற்றைத் தடுக்கத் தேவையில்லை, ஆனால் பலர் ஒரே கோப்பில் எழுதத் தொடங்கியதும் அதைத் தரவுத்தளத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

எந்த வழியானாலும், தேவைகளைச் சேகரிக்கும்போது துறைத் தலைவரோடு நிறுத்திக்கொள்ளாமல், பதிவிடும் ஊழியரின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அச்சடித்த படிவத்தின் ஓரத்தில் அவர் பென்சிலால் எழுதிவைக்கும் குறிப்பு, அந்தப் படிவத்தில் விடுபட்டுப்போன ஒரு கட்டத்தைக் காட்டுகிறது. அது தேவைப் பட்டியலில் சேர வேண்டும்.

பழையதிலிருந்து புதியதற்கு மாறும் நாளையும் முன்கூட்டியே திட்டமிடுங்கள். இரண்டையும் சிறிது காலம் இணையாக ஓட்டுவது பாதுகாப்பானது என்றாலும் ஊழியர்களுக்கு வேலை இரட்டிப்பாகும்; ஒரு கிளையில் மட்டும் முதலில் தொடங்குவது பல நிறுவனங்களுக்கு ஏற்ற நடுவழி. ஒரே நாளில் முழுவதும் மாறுவதாக இருந்தால், பழைய தரவைச் சுத்தம் செய்து நகர்த்தும் ஒத்திகையை முன்னரே முடித்து, சிக்கல் எந்த அளவைத் தாண்டினால் பழைய முறைக்குத் திரும்புவது, அந்த உத்தரவை யார் தருவது என்பவற்றை எழுத்தில் வைத்திருங்கள்.