கழித்தல் போடாத கணக்கு: வேலை, ஃப்ரீலான்ஸ், வீடு மூன்றையும் சேர்த்து நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதச் சம்பளத்துக்கு மேல் ஃப்ரீலான்ஸ் வேலையும் எடுத்துச் செய்ய நினைப்பவர்கள் முதலில் போடுவது கூட்டல் கணக்கு. மொழிபெயர்ப்புக்குப் பக்கத்துக்கு இவ்வளவு, இணையதளத்துக்கு இவ்வளவு, மாதம் இரண்டு கிளையன்ட் கிடைத்தால் வீட்டுக் கடன் தவணையில் பாதி வந்துவிடும் என்று மனம் எண்ணிக்கொண்டே போகும். அந்த வேலைக்கான நேரம் யாரிடமிருந்து வரப்போகிறது என்ற கழித்தலை மட்டும் போட மாட்டோம். சென்னையில் அலுவலக வேலையோடு பதினோரு ஆண்டுகளாக மொழிபெயர்ப்பும் பக்க வடிவமைப்பும் செய்துவரும் நான், இங்கே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவற்றைச் செய்து பார்த்தவன்.

வாரத்துக்கு 168 மணி நேரம். தாம்பரத்தில் குடியிருந்து சிறுசேரிக்குப் போய்வருபவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். உணவு இடைவேளை உட்பட அலுவலகத்தில் 9 மணி நேரம், ஓ.எம்.ஆர். நெரிசலில் மாட்டிக்கொள்வதையும் சேர்த்துப் போகவர 3 மணி நேரம், தூக்கம் 7, குளியல், சாப்பாடு, துணி, பாத்திரம், கடைக்குப் போவது என்று 3. வேலை நாளில் மிஞ்சுவது 2 மணி நேரம்தான். சனி, ஞாயிறு இரண்டிலும் சேர்த்து 28 மணி நேரம் கிடைக்கும். ஆக, காகிதத்தில் 38 மணி நேரம் கையில் இருப்பதுபோல் தெரியும். ஆனால் அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப்போவது, பிள்ளையின் பள்ளிக் கூட்டம், ஒரே முகூர்த்தத்தில் வந்து விழும் இரண்டு கல்யாணங்கள், தண்ணீர் ஏற்றாமல் நின்றுபோன மோட்டார் எல்லாம் அந்த 28 மணி நேரத்துக்குள்தான் அடங்க வேண்டும். என் அனுபவத்தில், வாரத்துக்கு 8 மணி நேரம் என்பதே நேர்மையான அளவு. இழுத்துப் பிடித்தால் 10. இருபது மணி நேர வேலையை ஒப்புக்கொள்பவர், மீதிப் பத்து மணி நேரத்தைத் தன் தூக்கத்திலிருந்தோ வீட்டில் இன்னொருவரின் பங்கிலிருந்தோ எடுத்தாக வேண்டும்; பெரும்பாலும் எடுக்கிறோம் என்பதே தெரியாமல் எடுக்கிறார்.

இதனால்தான் வீட்டாரிடம் பேசாமல் வேலையை ஒப்புக்கொள்வதை எல்லாவற்றிலும் பெரிய தவறாகக் கருதுகிறேன். பேசுவது என்றால், 'கொஞ்ச நாளைக்கு வேலை அதிகமாக இருக்கும்' என்று பொதுவாகச் சொல்லிவைப்பது போதாது. எந்தெந்தக் கிழமை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எத்தனை வாரத்துக்கு, அந்த நேரத்தில் நான் செய்துகொண்டிருந்த எந்த வேலையை யார் செய்யப்போகிறார்கள் என்ற அளவுக்குப் பேச வேண்டும். தொடக்க காலத்தில் நான் இதைச் செய்யவில்லை. வரவேற்பறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, மகள் ஏதோ காட்ட வந்தால் 'உம்' கொட்டிக்கொண்டிருந்தேன். 'நீங்க வீட்லயே இல்லாம இருந்தா கூடப் பரவாயில்லைங்க, அவ உங்களைக் கேக்க மாட்டா' என்று மனைவி ஒருநாள் சொன்னார். அதன்பிறகு வேலைக்கென்று படுக்கையறையில் ஒரு மேசை போட்டோம். கதவு சாத்தியிருந்தால் அப்பா வேலையில் இருக்கிறார், திறந்திருந்தால் இல்லை என்பது ஒரு ஐந்து வயதுக் குழந்தைக்குக்கூடப் புரிந்தது.

ஃப்ரீலான்ஸ் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் ஆண்களை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இந்திய அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். கணவர் வெளிவேலை எடுத்தால் வீடு அவருக்காக ஒதுங்கிக்கொள்கிறது. மனைவி எடுத்தால், இரவு சமையலறை விளக்கை அணைத்தபிறகுதான் அவர் லேப்டாப்பைத் திறக்க முடிகிறது. அந்தக் குடும்பத்தில் முதலில் பேசித் தீர்க்க வேண்டியது கிளையன்ட்டின் டெட்லைனை அன்று, காலை டிபனை யார் செய்வது என்பதை.

அடுத்து, அலுவலகம். வேலையில் சேர்ந்தபோது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மீண்டும் எடுத்துப் படிக்காமல் வெளிவேலை தொடங்குவது பரவலான தவறு. முன் அனுமதி இல்லாமல் வேறு ஊதியப் பணி செய்யக் கூடாது என்ற விதி ஏராளமான நியமன ஒப்பந்தங்களில் இருக்கிறது. 'தொழிலைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவே சொல்கிறதே' என்று சிலர் தைரியம் சொல்வார்கள். வேலையை விட்டு விலகிய பின் விதிக்கப்படும் தடைகளுக்கு அந்த வாதம் பொருந்தும். பணியில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாட்டைப் பொதுவாகத் தொழில் தடையாகக் கருத முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1967இலேயே நிரஞ்சன் சங்கர் கோலிகரி வழக்கில் சொல்லிவிட்டது. நிறுவனங்களின் போக்கும் ஒன்றுபோல் இல்லை. 2022இல் ஊழியர்கள் இரண்டாவது வேலை செய்யலாமா என்ற விவாதம் சூடுபிடித்தபோது, போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்ததாகக் கூறி விப்ரோ 300 பேரை நீக்கியது. அதே ஆண்டில் இன்ஃபோசிஸ், முன் அனுமதியோடும் நிறுவனத்தின் நலனுக்கு முரண்படாமலும் வெளிப்பணி செய்யலாம் என்று தன் ஊழியர்களுக்குத் தெரிவித்தது. எனவே பக்கத்து அலுவலகத்து நண்பரைப் பார்த்து முடிவெடுக்காமல், எச்.ஆர். பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வதே சரி. அனுமதி மறுக்கப்பட்டால் அதுவும் ஒரு தெளிவுதான்.

அனுமதி கிடைத்தபின்னும், அலுவலக லேப்டாப்பில் கிளையன்ட்டின் கோப்பைத் திறப்பது கூடாது. மதிய இடைவேளையில் ஒரு சின்னத் திருத்தம்தானே என்று தொடங்குவோம். பல நிறுவனங்களில் அந்தக் கணினியின் நடமாட்டம் பதிவாகிறது என்பது ஒருபுறம். இன்னொருபுறம், 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, வேலையின் பகுதியாக ஊழியர் உருவாக்கும் படைப்புக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளியையே முதல் உரிமையாளர் ஆக்குகிறது. அலுவலக நேரமும் அலுவலகக் கருவியும் கலந்துவிட்டால், கிளையன்ட்டுக்கு நீங்கள் விற்றது உங்களுடையதுதானா என்ற கேள்விக்கு இடம் கொடுத்தவர் ஆவீர்கள்.

கட்டணம் நிர்ணயிப்பதில் நடக்கும் தவறு நேரடியாக வீட்டைத்தான் பாதிக்கிறது. 60,000 ரூபாய் சம்பளத்தை மாதத்துக்கு 180 மணி நேரத்தால் வகுத்து, 333 ரூபாய் வருகிறது, ஆகவே மணிக்கு 350 வாங்கினால் லாபம் என்று நினைப்பவர்கள் உண்டு. சம்பளத்தோடு வரும் பி.எஃப்., ஊதியத்துடன் கூடிய விடுப்பு, குழுக் காப்பீடு எதுவும் ஃப்ரீலான்ஸில் கிடையாது. போனில் விளக்கம் கேட்பது, இன்வாய்ஸ் அனுப்புவது, பணத்துக்காக நினைவூட்டுவது ஆகியவற்றுக்கும் யாரும் காசு தருவதில்லை. நான் குறித்துவைத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு மூன்று மணி நேர வேலைக்கும் ஒரு மணி நேரம் இப்படிப் போயிருந்தது. குறைந்த கட்டணம் வாங்குபவர் அதை ஈடுகட்ட அதிக மணி நேரம் உட்கார வேண்டும், அந்த மணி நேரம் எங்கிருந்து வரும் என்பதை மேலே பார்த்தோம். பாதித் தொகையை அட்வான்ஸாக வாங்குவது, இலவசத் திருத்தம் இரண்டு முறைதான் என்று வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் சொல்வது, இந்த இரண்டையும் கறாராகப் பிடித்துக்கொண்டாலே பாதித் தொல்லை குறையும். ஒரு சிற்றேட்டுக்குப் பதினான்கு முறை திருத்தம் செய்து கொடுத்தவன் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன்.

நாட்காட்டியைப் பார்க்காமல் தேதி கொடுப்பது இன்னொரு தவறு. நியூயார்க்கில் காலை 10 மணிக் கூட்டம் கோடையில் நமக்கு இரவு 7.30, நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை மாற்றியதும் அதே கூட்டம் 8.30 ஆகி, பிள்ளைகள் சாப்பிடும் நேரத்தில் வந்து உட்காரும், மார்ச் இரண்டாம் ஞாயிறுவரை நகராது. சென்னைக்கென்று உள்ள தடங்கல்களும் உண்டு. பராமரிப்புக்காக மின்வாரியம் அறிவிக்கும் மின்தடை பெரும்பாலும் காலை 9 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரை இருக்கும். விடுப்பெடுத்து வேலையை முடிக்கலாம் என்று வைத்திருந்த நாளில் அது வந்தால் கதை முடிந்தது. வடகிழக்குப் பருவமழையை மறந்து நவம்பர், டிசம்பரில் பெரிய வேலைக்குத் தேதி கொடுப்பதை நான் 2023 டிசம்பரோடு விட்டுவிட்டேன். மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை, கைப்பேசியில் சிக்னலும் இல்லை. வெளிமாநிலத்துக் கிளையன்ட்டுக்கு அது நான் சொன்ன சாக்காகவே பட்டது. இப்போதெல்லாம் அக்டோபரிலேயே, மழைக்காலத்தில் ஒரு வாரம் தாமதம் ஆகலாம் என்று எழுதிவிடுகிறேன்.

வரியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வரிக் கணக்கு தாக்கல் செய்யும் சமயத்தில் பல வீடுகளில் சண்டை இதனால்தான் வருகிறது. பணம் தரும்போதே கிளையன்ட் 10 சதவீதத்தை வரிப் பிடித்தமாக (டி.டி.எஸ்.) எடுத்துவிட்டார், ஆகவே வரி முடிந்துவிட்டது என்று நம்புவது முதல் தவறு. சம்பளத்தால் ஏற்கெனவே 30 சதவீத அடுக்கில் இருப்பவர், ஃப்ரீலான்ஸில் வரும் லாபத்துக்கும் அதே 30 சதவீதம் கட்ட வேண்டும். மீதி கையை விட்டுத்தான் போகும். பிடித்தம் போக ஓராண்டில் செலுத்த வேண்டிய வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15ஆம் தேதிக்குள் முன்வரியாகத் தவணை கட்ட வேண்டும். தவறினால் மாதத்துக்கு 1 சதவீத வட்டி. இதற்கு ஒரு மாற்றுவழி, பிற வருமானத்தை அலுவலகத்துக்கே தெரிவித்துச் சம்பளத்திலேயே வரியைப் பிடிக்கச் செய்வது. வெளிவேலையை மறைத்து வைத்திருப்பவருக்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

வருமான வரிக் கணக்குக்கு ஆண்டாண்டாகத் தாக்கல் செய்துவந்த ஐடிஆர்-1 படிவம் தொழில்வழி வருமானம் உள்ளவருக்குப் பொருந்தாது. ஐடிஆர்-3 அல்லது ஐடிஆர்-4 தேவைப்படும். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 44ஏடிஏ பிரிவு என்று அறியப்பட்ட முறையில், சட்டம் குறிப்பிட்ட தொழில்களைச் செய்பவர்கள் மொத்த வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும், முன்வரியையும் மார்ச் 15க்குள் ஒரே தவணையாகக் கட்டலாம். ஆனால் அந்தப் பட்டியலில் பொறியாளர், கட்டடக் கலைஞர், கணக்காளர் போன்றோர் இருக்கிறார்கள்; எழுத்து வேலையும் மொழிபெயர்ப்பும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. நண்பர் போட்டார், நானும் போடுகிறேன் என்று போகாமல் ஆடிட்டரைக் கேட்பது நல்லது. பலர் கவனிக்காத இன்னொன்று: சம்பளம் மட்டும் வாங்குபவர் பழைய வரி முறை, புதிய வரி முறை இரண்டில் ஒன்றை ஆண்டுதோறும் தேர்ந்துகொள்ளலாம். தொழில் வருமானம் சேர்ந்ததும் அந்தச் சுதந்திரம் சுருங்கிவிடுகிறது. புதிய முறையை விட்டு வெளியேறியவர் ஒரு முறைதான் திரும்பி வர முடியும். ஜி.எஸ்.டி. பதிவைப் பற்றிப் பயப்படுபவர்களுக்கு, சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக அது தேவைப்படாது, அதில் உங்கள் சம்பளம் சேராது. வந்த பணம் அனைத்தையும் வீட்டுச் செலவுக்கு விடாமல், ஒவ்வொரு வரவிலும் மூன்றில் ஒரு பங்கைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுவதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

உடம்பைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து ஏறத்தாழ 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கூட்டாக வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அலுவலகத்தின் 45 மணி நேரத்தோடு ஃப்ரீலான்ஸ் 10 மணி நேரம் சேர்ந்தாலே அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறோம்.

கடைசியாக, எப்போது நிறுத்துவது என்று தீர்மானிக்காமல் தொடங்குவது. தங்கையின் கல்யாணத்துக்காக வைத்த நகைக்கடனை அடைக்கத்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன். மூன்றாம் ஆண்டே நகை மீண்டு வீட்டுக்கு வந்துவிட்டது. வேலை மட்டும் நிற்கவில்லை. எதற்காகத் தொடர்கிறேன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஆறாம் ஆண்டில் மனைவி கேட்டபோது என்னிடம் பதில் இல்லாமல் போனது. அதற்குப் பிறகு ஒவ்வோர் ஏப்ரலிலும் இருவரும் உட்கார்ந்து, எவ்வளவு தொகை, எதற்காக, எந்த மாதம் வரை என்று தினசரிக் காலண்டரின் பின் அட்டையில் எழுதி வைக்கிறோம். இந்த ஆண்டு எழுதியிருப்பது மகளின் கல்லூரிக் கட்டணம், அடுத்த மே வரை.