ஹைஸ்மன் யாருக்கு? புதிதாகப் பார்ப்பவர்கள் பொருளோடு வாதிட ஒரு வழி

அமெரிக்காவில் கல்லூரி ஃபுட்பால் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க வகை) பார்க்கத் தொடங்கியவர்கள், நவம்பர் பிறந்ததும் ஒரு வாக்குவாதத்தில் மாட்டிக்கொள்வார்கள். நாட்டின் தலைசிறந்த கல்லூரி வீரருக்கு வருஷாவருஷம் தரும் ஹைஸ்மன் கோப்பை, இந்த வருஷம் யாருக்கு? பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பெயர் சொல்வார், அலுவலகத்தில் இன்னொருவர் வேறு பெயர் சொல்வார். புதியவர்கள் கையில், பந்தோடு முன்னேறிய தூரத்தைச் சொல்லும் யார்டு கணக்கைத் தவிர ஒன்றும் இருக்காது. எனக்கு உதவிய முறையை இங்கே எழுதுகிறேன். பழகிப் பார்க்க 2024ஐ எடுத்துக்கொள்வோம்: கொலராடோவின் டிராவிஸ் ஹண்டரா, பாய்சி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜென்டியா?

படி 1: வாக்கு எண்ணும் விதம்

விருது 1935ல் தொடங்கியது. முதலில் வாங்கியவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். நாட்டை ஆறு மண்டலமாகப் பிரித்து, மண்டலத்துக்கு 145 பேர் என்று 870 செய்தியாளர்கள் வாக்களிக்கிறார்கள். முன்பு வென்றவர்களில் உயிரோடு இருப்பவர்களுக்கும் வாக்கு உண்டு. ரசிகர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு வாக்கு. ஒவ்வொருவரும் மூன்று பெயர்களை வரிசைப்படுத்துவார்கள். முதல் இடத்துக்கு 3 புள்ளி, அடுத்ததுக்கு 2, அதற்கடுத்ததுக்கு 1.

2024ல் ஹண்டருக்கு 552 முதல் இடம், 251 இரண்டாம் இடம், 73 மூன்றாம் இடம். பெருக்கிக் கூட்டினால் 2,231. ஜென்டிக்கு 309, 517, 56, அதாவது 2,017. ஒரு தடவை நீங்களே தாளில் போட்டுப் பாருங்கள். யாரை இரண்டாவதாக எழுதுகிறோம் என்பதற்கு எவ்வளவு கனம் என்று கை அறியும். 1956ல் ஓக்லஹோமாவின் டாமி மெக்டொனால்டுக்குத்தான் முதல் இட வாக்குகள் அதிகம். ஆனாலும் மொத்தப் புள்ளியில் முந்திய நோட்ர டாமின் பால் ஹார்னங்குக்குத்தான் கோப்பை போனது.

படி 2: அளவுகோலை முதலில் எழுதுங்கள், பெயரைப் பிறகு

வாதங்கள் பாதி வழியில் குழம்புவது இங்கேதான். ஒருவர் திறமையைப் பற்றிப் பேசுவார், எதிரில் இருப்பவர் அணியின் வெற்றியைப் பற்றிப் பேசுவார்; இருவரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதாக நினைத்துக்கொள்வார்கள். விருது கேட்பது நாட்டின் தலைசிறந்த கல்லூரி வீரரை. தலைசிறந்த என்றால் என்ன என்பதை வாக்காளரிடமே விட்டுவிடுகிறது.

ஹார்னங்கின் அணி அந்த வருஷம் 2 வெற்றி, 8 தோல்வி. தோல்வி அதிகமான அணியிலிருந்து வென்றவர் இன்றுவரை அவர் ஒருவரே. சிரக்யூஸின் ஜிம் பிரவுன் அன்று ஐந்தாவதாக வந்தார் என்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. 2009ல் காற்று மறுபக்கம் வீசியது. ஸ்டான்ஃபர்டின் டோபி கெர்ஹார்ட் 1,736 யார்டு ஓடி 26 டச்டவுன் (பந்தை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் எடுக்கும் ஸ்கோர்) எடுத்திருந்தார். அலபாமாவின் மார்க் இங்ரம் 1,542 யார்டு. ஆனால் அலபாமா தோற்கவே இல்லை, ஸ்டான்ஃபர்ட் நான்கில் தோற்றிருந்தது. இங்ரம் 28 புள்ளியில் வென்றார். இவ்வளவு நெருக்கமான முடிவு வேறு கிடையாது. அணியின் வெற்றி உங்களுக்கு முக்கியமென்றால் 1956லும் 2009லும் அப்படியே சொல்ல வேண்டும். ஆளுக்கு ஏற்ப அளவுகோலை மாற்றக் கூடாது.

என் அளவுகோல் இது: இந்த ஒரு சீசனில், தன் உடம்பால், மற்ற யாரும் செய்ய முடியாததை அதிகம் செய்தவர் யார்?

படி 3: எண்ணை அது பிறந்த இடத்தோடு படியுங்கள்

வாக்களிப்பு நேரத்தில் ஜென்டியின் ஓட்டம் 2,497 யார்டு, 29 டச்டவுன். உடனே 1988ல் ஒரே சீசனில் அதிகம் ஓடிச் சாதனை வைத்த பேரி சாண்டர்ஸ் பேச்சு வரும்: 2,628 யார்டு. ஆனால் சாண்டர்ஸ் அதை 11 ஆட்டங்களில் எடுத்தார். அன்று, சீசன் முடிந்தபின் நடக்கும் பவுல் ஆட்டத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். ஹாலிடே பவுலில் அவர் ஓடிய 222 யார்டு அதில் இல்லை. ஆகவே இரண்டு எண்களையும் அருகருகே வைக்குமுன் ஆட்ட எண்ணிக்கையைக் கேளுங்கள்.

பிறகு எதிரணியைக் கேளுங்கள். பாய்சி ஸ்டேட் ஆடிய மவுண்டன் வெஸ்ட் சிறிய கான்ஃபரன்ஸ் (தமக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் குழு), அங்கே ஓடுவது சுலபம் என்பார்கள். அதற்குப் பதில் ஆரிகன் ஆட்டம். வாக்களிப்பு நேரம் வரை தோற்காமல் வந்த அந்த அணிக்கு எதிராக, அவர்கள் மைதானத்திலேயே ஜென்டி 192 யார்டு ஓடி மூன்று டச்டவுன் எடுத்தார். குற்றச்சாட்டு வந்தால் இப்படி ஓர் ஆட்டத்தைத் தேடி எடுத்துவையுங்கள். மொத்தக் கூட்டலைவிட அது அதிகம் பேசும்.

படி 4: எண்ணில் அகப்படாத வேலையைத் தேடுங்கள்

கோப்பை பெரும்பாலும் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்கும் பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்குக்கும்தான் போயிருக்கிறது. முன்வரிசையில் மோதி வழி திறந்துவிடும் அஃபென்ஸ் லைன்மேன் ஒருவரும் வென்றதில்லை. 1973ல் ஓஹையோ ஸ்டேட்டின் ஜான் ஹிக்ஸ் இரண்டாம் இடம் வரை வந்தார். பிரதானமாக டிஃபென்ஸ் (எதிரணியைத் தடுக்கும் பக்கம்) ஆடி முதலில் வென்றவர் 1997ல் மிஷிகனின் சார்லஸ் உட்சன். அவரிடம் தோற்றவர் டென்னசியின் குவார்ட்டர்பேக் பேட்டன் மானிங். டென்னசியில் அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

ஹண்டரை இந்த இடத்தில்தான் நிறுத்த வேண்டும். வாக்களிப்பு நேரத்தில், எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவராக 92 பந்துகளைப் பிடித்து 1,152 யார்டு, 14 டச்டவுன். அதே ஆட்டங்களில், எதிரணி ரிசீவரைத் தடுக்கும் கார்னர்பேக்காக நான்கு இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தைப் பறிப்பது). ஆட்டத்துக்கு நூறு ப்ளேக்கும் மேல் (பந்து ஒவ்வொரு முறை ஆட்டத்துக்கு வருவதும் ஒரு ப்ளே) மைதானத்தில் நின்றார். கார்னர்பேக் பக்கம் பந்தே வராவிட்டால் அது அவருடைய வெற்றி, ஆனால் எந்தப் பட்டியலிலும் ஏறாது. பேலர் பல்கலைக்கழகத்துக்கு எதிரான கூடுதல் நேரத்தில், கோல் கோட்டருகே மோதிப் பந்தை உதறவைத்து ஆட்டத்தை முடித்தார். சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருது, சிறந்த டிஃபென்ஸ் வீரருக்கான பெட்னரிக் விருது, இரண்டும் ஒரே வருஷம் அவருக்கே கிடைத்தன.

படி 5: எதிராளியின் வாதத்தை நீங்களே சொல்லுங்கள்

அவரைவிட நன்றாகச் சொல்ல முயலுங்கள். ஜென்டிக்காக நான் சொல்வது: எதிரணிகள் எல்லாம் அவர் ஒருவரைத் தடுக்கவே ஆளைக் குவித்தன, அப்படியும் அவரை நிறுத்த முடியவில்லை, மேல் கை பட்ட பிறகும் திமிறி ஓடி எடுத்த யார்டுகள்தான் அவர் கணக்கில் பெரும்பகுதி. இதைச் சொன்ன பிறகும் என் தாளில் ஹண்டர் முதல், ஜென்டி இரண்டாவது. இரண்டு வேலையையும் உச்சத்தில் செய்த ஒருவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

படி 6: தேதியை மறக்காதீர்கள்

கான்ஃபரன்ஸ் இறுதிப் போட்டிகள் முடிந்ததும் வாக்குப்பதிவும் முடிந்துவிடும். டிசம்பரில் முடிவு சொல்கிறார்கள். பவுல் ஆட்டங்களும், சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபும் அதற்குப் பிறகுதான். 2024 டிசம்பர் 31ல் பென் ஸ்டேட் ஜென்டியை 104 யார்டில் கட்டிப்போட்டது. 2,601ல் நின்றார், சாண்டர்ஸுக்கு 27 யார்டு பின்னால். அந்த ஆட்டத்தைக் காட்டி யாராவது ஜென்டியைக் குறைத்துப் பேசினால், வாக்குச்சீட்டு அதற்கு முன்பே பெட்டிக்குள் போய்விட்டது என்று சொல்லுங்கள்.